விரிப்பு போட்டபடிதான் இருந்தது

பிரெஸ்னியோ
12 ஜனவரி 1997

அன்புள்ள நெல்சி சித்திக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? சித்தப்பாவுக்குச் சர்க்கரை இறங்கியதா? நான் நலம் என்று எழுதினால் பொய். உயிரோடு இருக்கிறேன் என்று வைத்துக்கொள்.

நம் ஊர் மாதிரி இந்த ஊரில் சுவர்களில் ஊஞ்சல்படுக்கை மாட்டக் கொக்கியே கிடையாது. வீட்டுக்காரியிடம் இரண்டு கொக்கி அடித்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "எதுக்கும்மா, யாரைத் தொங்கவிடப் போறே?" என்றாள். பெயரைச் சொல்லியிருப்பேன், அவளுக்கு ஆளைத் தெரியாது. ஆகவே கட்டிலில் பிணம் மாதிரி மல்லாந்து படுத்துக் குளிரில் விறைக்கிறேன். வேலை, மாட்டு மருந்துக் கடையில். இந்தக் கடிதத்தின் கனம்தான் இருக்கும் ஓர் எலி. அதற்கு அளந்து அளந்து மயக்க ஊசி போட்ட கை இது. நேற்று ஒரு காளையின் பின்னங்கால் உதையிலிருந்து மயிரிழையில் தப்பியது.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் திரும்பத் திரும்ப எழுதினால்தான் என் வயிற்றெரிச்சல் கொஞ்சமாவது அடங்குகிறது. செப்டம்பரில் அன்று நிறுவனத்தின் எலி அறையில் அறுவை எல்லாம் ஒழுங்காக முடிந்தது. முப்பது எலிகளும் மின்சாரச் சூட்டு விரிப்பின் மேல் மயக்கத்தில் கிடந்தன. "நீங்க போங்க லிகியா, எல்லாம் முழிக்கிற வரைக்கும் நான் பார்த்துக்கறேன்" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னான் டாக்டர் லாரியோஸ். எலி அறைக்கே தலைவன் சொல்கிறான், நம்பினேன். நான் போன பின்னால் நிறுவனத்தின் விளம்பரத் தாளுக்குப் படம் எடுக்க ஒருவனை அழைத்து வந்திருக்கிறான். வந்தவனுக்கு வியர்த்ததாம், ஏசியை முழுசாகத் திருகியிருக்கிறான். அந்த மேசைக்குப் பக்கத்தில் பிளக் பாயின்ட் ஒன்றுதான். லாரியோஸ் விரிப்பின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, படம் எடுக்கும் விளக்கின் பிளக்கைச் சொருகியிருக்கிறான். மயங்கிய எலியால் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ள முடியாது. மெரிதாவின் வெக்கையில், செப்டம்பர் மாதத்தில், என் எலிகள் குளிரில் செத்தன சித்தி! காலையில் விளக்கின் பிளக் அந்த ஓட்டையிலேயே இருந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

விசாரணைக்குத் தலைநகரத்திலிருந்து மேலதிகாரி இபர்ரோலா வந்தார். மூடிய அறைக்குள் அவர், அவர் கூட்டி வந்த எழுத்தர், லாரியோஸ், நான். "விரிப்பு என்ன ஆச்சு?" என்று கேட்டார். நான் நம் ஊர்ப் பேச்சில் பதில் சொன்னேன், நம் ஊர் ஆள் வேறு எப்படிச் சொல்வாள்? கடைசியில் 'கித்தே' என்றேன். நமக்குக் கித்தே என்றால் 'கிளம்பிட்டேன்'. தலைநகரத்துக்காரர்களுக்குக் கித்தே என்றால் 'எடுத்துட்டேன்'. இபர்ரோலா புருவத்தைத் தூக்கி லாரியோஸைப் பார்த்தார். அவன் மெதுவாக, வருத்தப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "எடுத்துட்டாங்களாம்" என்றான். எனக்கு அப்போது அது விளங்கவில்லை. தீர்ப்பில்தான் படித்தேன்: எலிகளைச் சாகவிட்ட மருத்துவர், தாமே ஒப்புக்கொண்டார். நான் மறுத்தபோது இபர்ரோலா அவனிடம் இன்னொரு தடவை கேட்டார். "பதினோரு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன், வேற அர்த்தத்துல கேட்டதே இல்ல" என்றான். மெரிதாக்காரியைக் கட்டிக்கொண்டவன் சொல்கிற பேச்சா இது?

அந்தத் தாள் இருக்கும்வரை எந்த ஆய்வுக்கூடமும் என்னை வாசற்படி மிதிக்க விடாது. என் பெயர் எனக்குத் திரும்ப வேண்டும். அவன் பெயர் நாறவும் வேண்டும். அவன் செய்வதையெல்லாம் எனக்கு எழுது.

சித்தப்பாவுக்கு என் வணக்கம். முழங்காலுக்கு எண்ணெய் தேய்.

லிகியா


மெரிதா
2 பிப்ரவரி 1997

என் செல்ல லிகியாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். முழங்கால் மழை வருமா வராதா என்று வானொலியைவிடச் சரியாகச் சொல்கிறது. சித்தப்பாவின் சர்க்கரை ஏறியும் இறங்கியும் விளையாடுகிறது. நிறுவன மருத்துவமனையில் இன்சுலின் இலவசமாகக் கொடுக்கிறார்களே, அதனால் வண்டி ஓடுகிறது. திங்கட்கிழமை அவரைக்கொட்டையும் பன்றிக்கறியும் வைத்தேன். உன் பங்குக்கு ஒரு தட்டு எடுத்து வைக்கப் போய், கை நின்றுவிட்டது.

நீ கேட்ட ஆள் நன்றாகத்தான் இருக்கிறார். புதுச் சட்டைகள் வாங்கியிருக்கிறார். இயக்குநர் அலுவலகத்தில் என் மேசையைத் தாண்டித்தான் போகவேண்டும், தினமும் "நெல்சி, எப்படி இருக்கீங்க?" என்பார். நானும் சிரிப்பேன்.

வாசல் காவலாளி சோசிமோ உன்னை விசாரித்தான். உள்ளே சில பையன்கள் உனக்குப் பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். அதை நான் எழுதப் போவதில்லை.

கம்பளிச் சால்வை அனுப்புகிறேன். சாப்பிட்டு உடம்பைப் பார்.

உன் சித்தி நெல்சி


பிரெஸ்னியோ
16 பிப்ரவரி 1997

அன்புள்ள சித்திக்கு,

சால்வை வந்தது, நன்றி. இருமல் இருக்கிறது, சாகமாட்டேன். உன் முழங்காலும் சித்தப்பாவும் நலமாக இருக்கட்டும்.

பட்டப்பெயரை நீ எழுதாவிட்டால் எனக்குத் தெரியாதா? ஊரிலிருந்து வந்த ஒருத்தி சொல்லிவிட்டாள். "டாக்டர் கித்தே"யாம். என் அம்மா சந்தையில் மீன் வாங்கும்போது எவனோ அவள் காதுபடச் சொல்லிச் சிரித்தானாம். நீயும் லாரியோஸைப் பார்த்துச் சிரிக்கிறாய், கேட்டால் பழக்கதோஷம் என்பாய்.

அவன் என்ன செய்கிறான் என்று கேட்டால் சட்டையைப் பற்றி எழுதுகிறாய். நான் கேட்பது எலி அறையைப் பற்றி. என் முறையையேதான் பின்பற்றுகிறானா? நான் வருமுன் அங்கே எல்லா எலிக்கும் ஒரே அளவு ஊசி. பத்தில் மூன்று எழுந்திருக்காது, "எலிதானே" என்பார்கள். ஒவ்வொன்றையும் தராசில் வைத்து, கெட்டமின், சைலசின் மயக்க மருந்துகளைச் சலைனில் நீர்க்கக் கலந்து, அதனதன் எடைக்கு அளந்து போட வைத்தவள் நான். திறந்த கண்ணோடுதான் அது மயங்கும், கண் காய்ந்து குருடாகும், களிம்பு தடவு என்று சொன்னவள் நான். மரத்தூளில் படுக்கவிடாதே, மூக்கில் அடைக்கும் என்று கத்தினவளும் நான்தான்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொடுத்தது காத்திருப்பதை. ஊசி போட்டவுடன் கால்விரலைக் கிள்ளுவார்கள். காலை இழுத்துக்கொள்ளும். உடனே இன்னொரு ஊசி. முதல் ஊசியும் இரண்டாவதும் சேர்ந்து வேலை செய்யும்போது மூச்சு நின்றிருக்கும். அதனால்தான் கூண்டை இருட்டாகத் துணி போட்டு மூடிவிட்டு, ஆளுக்கொரு சீனாப் பழம் கொடுத்தேன். உரித்து முடிக்கும்வரை துணியைத் தொடக்கூடாது என்றேன். அதற்கப்புறம் ஒன்றுகூடச் சாகவில்லை, அந்த ஒரு நாளைத் தவிர.

விவரமாக எழுது. அவன் கையில் என் எலிகள் என்ன பாடுபடுகின்றன என்று எனக்குத் தெரியவேண்டும்.

லிகியா


மெரிதா
20 மார்ச் 1997

என் செல்லத்துக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, மனசில் வைக்காதே. சித்தப்பாவை இரண்டு நாள் படுக்கையில் போட்டார்கள், இப்போது தேவலை. உன் இருமல் நின்றதா? எலுமிச்சையும் தேனும் குடி.

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதாமல் இருந்தால் நீ வேறு யார் மூலமாகவோ கேள்விப்படுவாய். அவர் ஒரு கையேடு எழுதியிருக்கிறார். 'ஆய்வுக்கூட எலிகளுக்குப் பாதுகாப்பான மயக்க ஊசி: டாக்டர் ஓஸ்வால்தோ லாரியோஸ் முறை'. தட்டச்சு செய்யச் சொல்லி என்னிடமே கொடுத்தார். நானே தட்டினேன். தராசு, களிம்பு, விரிப்பு, துணி எல்லாம் இருக்கிறது. ஜூன் மாதம் இபர்ரோலா தலைமையில் குழு வந்து பார்க்கப் போகிறது. பிடித்துப்போனால் நாடு முழுக்க எல்லா எலி அறைக்கும் அந்தக் கையேடுதான், அவருக்குத் தலைநகரத்தில் பெரிய பதவி.

ஒன்று மட்டும் பார்த்துச் சிரித்தேன். நீ எழுதி வைத்திருந்ததில் 'ஒரு சீனா உரிக்கும் நேரம்' என்று இருக்கும். நாம் சீனா என்பது தலைநகரத்துக்காரர்களுக்குத் தேசம்தானே, பழமில்லையே! மனுஷன் அதை அடித்துவிட்டு, பக்கத்தில் தன் கையால் 'ஒரு ஆரஞ்சு உரிக்கும் நேரம்' என்று எழுதியிருக்கிறார். நம் ஊர்ப் பேச்சு அவருக்கு எவ்வளவு அழகாகப் புரிகிறது பார்.

வெயில் ஆரம்பித்துவிட்டது. மாம்பழம் வந்தால் உலர்த்தி அனுப்புகிறேன்.

சித்தி


பிரெஸ்னியோ
30 மார்ச் 1997

சித்திக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. சித்தப்பாவுக்கு மட்டும் ஆண்டவன் துணை இருக்கட்டும்.

திருடிவிட்டு, திருட்டுக்குத் தன் பெயரையும் வைத்துக்கொண்டானா? அதை நீ தட்டச்சும் செய்தாயா? உன் விரல் கூசவில்லையா? படித்த கையோடு கடையிலிருந்த ஒரு மருந்துப் புட்டியைச் சுவரில் அடித்தேன். முதலாளி சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.

இப்போது ஒன்று கேட்கிறேன், செய். கூட்டக் குறிப்பு எழுதுவது எப்போதும் நீதான். அந்த அறையில் நீ இருப்பாய். எலியை மயக்கி எல்லோர் முன்னாலும் மேசையில் போடுவான். அவனுக்குப் பேச ஆரம்பித்தால் நேரம் காலம் தெரியாது. ஏசியின் திருகு சன்னலுக்குப் பக்கத்தில், விரிப்பின் பிளக் மேசைக்குக் கீழே. உன் கால் பட்டுப் பிளக் கழன்றதென்று வைத்துக்கொள், யார் கண்டார்? அவன் முறையில், அவன் கையில், இபர்ரோலாவின் மூக்குக்கு நேரே அது செத்து விறைக்கட்டும். ஒரே ஓர் எலி, சித்தி. என் முப்பதுக்கு ஒன்று.

இதைச் செய்வாயா மாட்டாயா என்று மட்டும் எழுது. மாம்பழம் வேண்டாம்.

லிகியா


மெரிதா
27 ஏப்ரல் 1997

என் செல்ல லிகியாவுக்கு,

எல்லோரும் சுகம். நீ?

வீதியெல்லாம் செம்பூமரம் பூத்துக் கிடக்கிறது. வெயிலில் நாய்கூட நடப்பதில்லை. டாக்டரின் மனைவி போன வாரம் அலுவலகத்துக்கு வந்தாள், நல்ல மனுஷி, கருப்பு மசாலாவில் வான்கோழி செய்து எல்லோருக்கும் கொண்டுவந்தாள். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். உனக்குக் கோபம் வரும், வரட்டும், ருசியாக இருந்தது.

ஒன்று கேட்க வேண்டும். அன்றைக்கு விசாரணையில் நீ சொன்ன வாக்கியம் என்ன? ஒரு சொல் பிசகாமல் எழுது. இபர்ரோலா அதற்கு முன்னால் என்ன கேட்டார் என்பதையும்.

உலர்ந்த மாம்பழம் அனுப்பியிருக்கிறேன். வேண்டாம் என்றாலும் சாப்பிடு.

சித்தி


பிரெஸ்னியோ
8 மே 1997

சித்திக்கு,

நான் நெருப்பு கேட்டால் நீ இலக்கணம் கேட்கிறாய். கேட்டதற்குப் பதிலில்லை, வான்கோழி எப்படி இருந்தது என்று பதில். திருடன் வீட்டுச் சோறு செரித்ததா?

எனக்குப் புரிந்துவிட்டது. உனக்கு உன் மேசை பெரிது. அவன் தினமும் நலம் விசாரிப்பது பெரிது. அக்கா மகள் என்ன, நாளைக்கு வேறொருத்தி வருவாள்.

வாக்கியம் வேண்டுமா? என் தூக்கத்தில்கூட அதுதான் ஓடுகிறது. "அன்னைக்கு எலிங்க எப்படி இருந்துச்சு, விரிப்பு என்ன ஆச்சு?" என்று கேட்டார். "விரிப்பு போட்டபடிதான் இருந்துச்சு. மூணு மணிக்குக் கித்தே" என்றேன். எழுதி வைத்துக்கொள். கையேட்டின் பின்னட்டையில் போட்டுக்கொள்ளச் சொல் அவனிடம்.

இனி நான் எழுதமாட்டேன்.

லிகியா


மெரிதா
8 ஜூன் 1997

லிகியாவுக்கு,

நீ எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன். முழங்கால் பரவாயில்லை, மழை தொடங்கிவிட்டது. நீ சாப்பிடுகிறாயா?

குழு அடுத்த வாரம் வருகிறது. டாக்டர் ரொம்பப் பரபரப்பாக இருக்கிறார். நான் ஒரு யோசனை சொன்னேன்: "முந்தின நாள் சாயங்காலமே நாலு எலிக்கு ஊசி போட்டு வச்சிருங்க டாக்டர். மறுநாள் அதுங்க துள்ளி ஓடுறதை அவங்க பார்த்தா இன்னும் நல்லா இருக்குமே" என்றேன். "நெல்சி, நீங்க இல்லாட்டி இந்த இடம் என்ன ஆகும்!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கோபத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு பட்டினி கிடக்காதே.

சித்தி


மெரிதா
19 ஜூன் 1997

என் தங்கமே,

நலமா? நான் நலம். இவ்வளவு நலமாக நான் இருந்து வருஷக்கணக்காகிறது. உட்கார்ந்து படி. முடிந்தால் கடையைப் பூட்டிவிட்டுப் படி.

முதலில் ஒன்று. அந்தப் பிளக்கை நான் பிடுங்கவில்லை. மாறாக, கூட்டம் தொடங்குமுன் இரண்டு தரம் குனிந்து, சரியாகச் சொருகியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தேன். அந்த எலி உனக்கு என்ன செய்தது? அதோடு, எலி செத்திருந்தால் எல்லோரும் அவனுக்குத்தான் அனுதாபப்பட்டிருப்பார்கள். பழியை அறையிலிருந்த அடுத்த பெண்பிள்ளை தலையில் கட்டியிருப்பான். எனக்கு வேலை போனால் சித்தப்பாவின் இன்சுலின் போகும். இதை நான் உனக்கு எழுதவில்லை, எழுதினால் நீ கேட்டதை நீயே வேண்டாம் என்று சொல்லியிருப்பாய். நீ ஆறிப்போய் விட்டுக்கொடுத்துவிடாமல் கொதித்துக்கொண்டே இருப்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. எனக்கு அந்த எலி உயிரோடு வேண்டும். அவன் சந்தோஷமாக இருக்கவேண்டும், கை தட்டல் வாங்கவேண்டும், நாக்கு அவிழவேண்டும். நீதானே கற்றுக்கொடுத்தாய்: ஊசியைப் போட்டுவிட்டுத் துணியை மூடிக் காத்திரு என்று.

அப்படியே நடந்தது. எலியை எடை போட்டான், தலைகீழாகச் சாய்த்துப் பிடித்தான், வயிற்றில் ஊசி போட்டான், கூண்டை மூடினான். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு சீனாப் பழத்தை எடுத்தான் பாரு! வித்தைக்காரன் மாதிரி தோல் அறுபடாமல் உரித்து, சுளை சுளையாகக் குழுவுக்குக் கொடுத்தான். எல்லோரும் சிரித்தார்கள். உன் பழம், லிகியா. குறிப்பு எழுதுகிற மாதிரி குனிந்துகொண்டேன். துணியை எடுத்து விரலைக் கிள்ளினான், அசையவில்லை. கண்ணுக்குக் களிம்பு போட்டான், இரண்டு தையல் போட்டான், மயக்கம் தெளியும் ஊசியும் போட்டான். எலி எழுந்து மீசையைத் துடைத்துக்கொண்டது. கைதட்டல் அறையைப் பிளந்தது. முந்தின நாள் எலிகள் நாலும் கூண்டுக்குள் துள்ளி ஓடின.

அவன் முகம் பூரித்துச் சிவந்திருந்தது. அப்போதுதான் நான் பேனாவைத் தூக்கினேன்.

"டாக்டர், குறிப்புல விட்டுப்போயிடக் கூடாதுல்ல. நேத்து எலிங்க எப்படி இருந்துச்சு, விரிப்பு என்ன ஆச்சு?"

"அதுக்கென்ன நெல்சி! நாலும் எந்திரிச்சு நடமாடுற வரைக்கும் பக்கத்துலயேதான் இருந்தேன். விரிப்பு போட்டபடிதான் இருந்துச்சு. ஏழு மணிக்குக் கித்தே."

நான் எழுதினேன். எழுதியதைச் சத்தமாகப் படித்தேன்: "'ஏழு மணிக்கு டாக்டர் விரிப்பை எடுத்துவிட்டார்.'"

சிரித்துவிட்டான். "ஐயோ, அது இல்ல! விரிப்பை யாரு எடுத்தா? நான் கிளம்பிட்டேன்னு சொன்னேன். இந்த ஊர்ல அப்படித்தானே சொல்வாங்க, உங்களுக்கே தெரியாதா?"

"எனக்குத் தெரியும் டாக்டர். உங்களுக்குத் தெரியாதுன்னு நினைச்சிருந்தேன்."

முதலில் அவனுக்கு உறைக்கவில்லை. இபர்ரோலாவுக்கு உறைத்தது. கையிலிருந்த சுளையைத் தட்டில் வைத்தார்.

"லாரியோஸ், பதினோரு வருஷத்துல இந்த அர்த்தத்துல கேட்டதே இல்லன்னு எங்கிட்ட சொன்னீங்களே?"

"அது... அது வேற சந்தர்ப்பம் டாக்டர்."

"என்ன வேற? வாக்கியம் அதேதான். மணி மட்டும்தான் வேற. அந்த வாக்கியத்துக்காகத்தான் நான் ஒரு பொண்ணை வெளியே அனுப்பினேன்."

கதவோரம் தண்ணீர்த் தட்டோடு சோசிமோ நின்றிருந்தான். அவனுக்கு வாய் சும்மா இருக்குமா? "ஐயா, இவரு வீட்டம்மா தினம் சாயங்காலம் வாசலுக்குப் போன் பண்ணி 'அவர் கித்தோவா, கிளம்பிட்டாரா?'ன்னுதானே கேப்பாங்க! 'இதோ கித்தேன்னு சொல்லு'ம்பாரு இவரு!"

யாரும் சிரிக்கவில்லை. இபர்ரோலா மேசைக்குக் கீழே குனிந்து அந்த ஒற்றைப் பிளக் பாயின்டைப் பார்த்தார். "அப்போ அன்னைக்கு விரிப்பை எடுத்தது யாரு?" என்று மெதுவாகக் கேட்டார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் அப்போதும் பிழைத்திருப்பான். தவளை தன் வாயால் கெடும். "போட்டோ எடுக்க அஞ்சு நிமிஷம்தான் கழட்டினேன், திரும்பச் சொருகணும்னுதான் இருந்தேன்..." என்றான். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவன் காதில் விழுந்தது. என்னைப் பார்த்தான். நான் தினமும் சிரிக்கிற அதே சிரிப்பைச் சிரித்தேன்.

இபர்ரோலா உனக்குத் தனியாக எழுதுவார். வயிறு நிறையச் சாப்பிடு.

உன் சித்தி


பிரெஸ்னியோ
2 ஜூலை 1997

என் சித்திக்கு, என் தெய்வத்துக்கு,

முழங்காலுக்கு ஆயிரம் முத்தம். சித்தப்பாவுக்கு நூறு. உன் கடிதத்தைக் கடைப் பலகையில் உட்கார்ந்து படித்தேன். நான் கத்தின கத்தலில் மாட்டுக்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றி, "யாரும்மா போயிட்டாங்க?" என்றார். "போகப் போறாங்க" என்றேன். மே மாதம் நான் எழுதியதையெல்லாம் அடுப்பில் போடு. இன்சுலினை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. நினைக்காமல் எழுதிய கையை என்ன செய்யலாம் என்று நீயே சொல்.

இபர்ரோலாவின் கடிதம் வந்தது. வருந்துகிறாராம். எலி அறைத் தலைமை எனக்காம், கையேடு என் பெயரிலாம். லாரியோஸ் அமைதியாக விலகிக்கொள்வார், விஷயத்தை இத்தோடு விட்டுவிடலாமே என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்குப் பதில் எழுதியிருக்கிறேன்: வருகிறேன், ஆனால் அமைதியாக வேண்டாம். என் பெயரை மூடிய அறையில் கெடுத்தார்கள், திறந்த கூடத்தில் திருப்பித் தரட்டும். திருத்திய தீர்ப்பை எல்லோரும் கூடியிருக்க லாரியோஸ் தன் வாயால் படிக்க வேண்டும். கித்தே என்ற சொல் வரும் இடத்தில் அதன் அர்த்தத்தையும் அவனே சொல்ல வேண்டும். மாட்டேன் என்றால் நான் பத்திரிகைக்குப் போவேன்.

இரக்கம் வருகிறதா என்று தோண்டிப் பார்த்தேன், சித்தி. ஒரு துளிகூட இல்லை. மன்னித்துவிடு என்று சொல்லத் தோன்றினால், அடுத்த கடிதத்தில் முழங்காலைப் பற்றி மட்டும் எழுது.

உன் லிகியா


மெரிதா
28 ஜூலை 1997

என் தங்கத்துக்கு,

முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதமாட்டேன்.

படித்தான். பெரிய கூடத்தில், கடைசி வரிசைவரை ஆள். பட்டப்பெயர் வைத்த பையன்கள் எல்லோரும் முன்வரிசையில், நான்தான் உட்கார வைத்தேன். உன் அம்மா மீன் வாங்கப் போகும் உடுப்பில் வராமல், கல்யாணத்துக்குப் போடும் பூத்தையல் உடுப்பில் வந்து நடுவில் உட்கார்ந்தாள். 'கித்தே' வந்த இடத்தில் தொண்டையைக் கனைத்தான். "சத்தமா!" என்றாள் உன் அம்மா. சத்தமாகச் சொன்னான்.

மறுநாள் யாரோ ஒரு மருந்துக் கம்பெனிக்காரன் வாசலில் வந்து, "டாக்டர் லாரியோஸ் இருக்காரா?" என்று சோசிமோவைக் கேட்டான். சோசிமோ பல்லைக் குத்திக்கொண்டே, "கித்தோ" என்றான். "எப்ப வருவாரு?" "அந்த அர்த்தத்துல இல்லண்ணே."

கையேட்டைத் திரும்பத் தட்டச்சு செய்தேன். உன் பெயர் மேலே. ஆரஞ்சு எல்லாம் சீனா ஆகிவிட்டது. தலைநகரத்துக்காரர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

எப்போது வருகிறாய்?

சித்தி


பிரெஸ்னியோ
5 ஆகஸ்ட் 1997

சித்திக்கு,

நலம். இந்தத் தடவை பொய் இல்லை.

என் அறையில் ஊஞ்சல்படுக்கைக் கொக்கிகளுக்கு எண்ணெய் போட்டு வை. திங்கட்கிழமைக்குள் வந்துவிடுவேன், பன்றிக்கறி வைத்துவிடு. எலி அறை மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு பிளக் பாயின்ட் போட இப்போதே ஆள் சொல். அவன் நாற்காலியை வெளியே போடச் சொல், எனக்கு வேண்டாம்.

வீட்டுக்காரி சாவியை வாங்கிக்கொண்டு, சுவரில் எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறாள். பேருந்துக்காரன் ஒலி எழுப்புகிறான். இந்தக் கடிதம் தலைநகரத்துக்காரன் எவன் கையிலாவது சிக்கினால், கடைசிச் சொல்லை அவன் ஊர் அர்த்தத்திலேயே எடுத்துக்கொள்ளட்டும், லாரியோஸ் விஷயத்தில் அதுவும் பொய்யில்லை.

கித்தே.

லிகியா